பெட்டி சும்மா இருந்தால் யானை இல்லை

உட்காருங்கள், உட்காருங்கள். இப்போதைக்கு இந்த வண்டி நகராது. கீழே ஒன்பதாவது வளைவில் கரும்பு லாரி ஒன்று திரும்ப முடியாமல் குறுக்கே நிற்கிறதாம், கண்டக்டர் சொல்லிவிட்டுப் போனார். திம்பம் இறக்கத்தில் இது வாடிக்கைதான். உங்களுக்கு இறங்கி அந்தப் பக்கம் ஒரு நடை போய்வர வேண்டும், தெரிகிறது. தாளவாடியிலிருந்தே நெளிந்துகொண்டுதான் வருகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள். காட்டுப் பாதை இது. இறங்கலாமா கூடாதா என்று நான் சொல்கிறேன். அதற்குத்தானே இதை மடியில் வைத்திருக்கிறேன்.

டிபன் டப்பா என்று நினைத்திருப்பீர்கள். எல்லாரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இது ரேடியோ. ஆனால் பாட்டுப் பாடாது. தாளவாடி மலையில் பதினெட்டு ஊருக்குச் செய்தி சொல்லும். காய்கறி விலை, மழை, பஸ் நேரம், அப்புறம் முக்கியமாக யானை. எத்தனை யானை, எந்தத் தோட்டத்துப் பக்கம் வருகிறது என்று பரண் மேல் காவலுக்கு இருப்பவர் நிலையத்துக்குப் போன் பண்ணுவார். அங்கே அதை அடித்து ஒலிபரப்புவார்கள். பெட்டி அதை வாய்விட்டுச் சொல்லும், தமிழில் ஒரு தடவை, கன்னடத்தில் ஒரு தடவை. ஊருக்கு ஒரு பெட்டி, இந்த வண்டி டிரைவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று. ஆக மொத்தம் இருபது. சோதனை முறையில்தான் இன்னும்.

என் பெயர் பூவராகன். பெங்களூரில் வேலை. பத்தொன்பது வருஷமாக ஒரே வேலைதான் செய்கிறேன். பிட்டுகளை இடம் மாற்றி உட்கார வைப்பது. சிரிக்காதீர்கள், அதற்குச் சம்பளம் தருகிறார்கள்.

எப்படிச் சொல்வது. ம், கல்யாண பஸ்ஸில் போயிருக்கிறீர்கள் அல்லவா? என் பெரியப்பா மகன் கல்யாணத்துக்கு ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சீர்காழிக்கு நாலு பஸ் பிடித்தார்கள். பெரியவர்கள் என்ன செய்தார்கள், ஒரு வீட்டார் ஒரே வண்டியில் வரட்டும் என்று ஏற்றிவிட்டார்கள். மூன்றாவது பஸ் சேத்தியாத்தோப்பு தாண்டி ஆக்சில் உடைந்து நின்றுவிட்டது. அந்த வண்டியில் யார்? மாப்பிள்ளையின் தாய்மாமன் வீடு முழுக்க. மண்டபத்தில் அந்த வீட்டிலிருந்து ஒரு நண்டு சிண்டுகூட இல்லை. முகூர்த்தம் தள்ளிப் போய், வாய்ச்சண்டையாகி, இன்றைக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் தாய்மாமன் வீட்டுக்கும் பேச்சு இல்லை. அப்போது நான் படிப்பு முடிக்கிற வயசு. அன்றைக்கே சொன்னேன், ஒரு வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு ஓர் ஆளாகப் பிரித்து ஏற்றியிருந்தால் ஒரு பஸ் போனாலும் வீட்டுக்கு ஒருத்தர்தான் குறைவார், மிச்சப் பேர் சமாளித்திருப்பார்கள் என்று. யார் கேட்டார்கள்? நம் பேச்சை வீட்டில் யார் கேட்டிருக்கிறார்கள்?

அதுதான் இன்டர்லீவர். அவ்வளவுதான் விஷயம். புது மாதிரி ரேடியோவில் எல்லாமே ஒன்றும் சைபருமாகத்தான் வரும், அதில் ஒவ்வொன்றும் ஒரு பிட். நடுவில் மின்னல் வெட்டினால் ஒரு பிட் போகாது, சேர்ந்தாற்போல் ஐம்பது அறுபது போய்விடும். ஒரு செய்தியில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நாலைந்து போனால் பெட்டியே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்ளும். கொத்தாகப் போனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால் கிளம்பும்போதே கலைத்து உட்கார வைத்துவிட வேண்டும். போய்ச் சேர்ந்ததும் மறுபடி வீடு வீடாகச் சேர்த்துக்கொள்ளலாம்.

என்னுடையது நாற்பது பஸ். நொடிக்கு ஒரு பஸ் கிளம்பும். பஸ்ஸுக்கு முப்பத்திரண்டு சீட். ஒரு செய்தி என்றால் நாற்பது பேர் கொண்ட ஒரு வீடு. ஒவ்வொரு பஸ்ஸிலும் அந்த வீட்டு ஆள் ஒருத்தர், எல்லாப் பஸ்ஸிலும் அதே சீட்டில். விலைச் செய்தி ஒன்பதாம் சீட். மழை பத்து. பஸ் நேரம் பதினொன்று. யானை பன்னிரண்டு. படம் போட்டுப் பார்த்தால் கட்டம் போட்ட சுங்குடிச் சேலை மாதிரி இருக்கும், ஒரு கோடு கோணாது. வீட்டுக் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறேன். என் மனைவி அதைக் கழற்றிவிட்டுக் கடிகாரம் மாட்டலாம் என்கிறாள், அது வேறு கதை.

இன்னொரு ஏற்பாடும் செய்திருந்தேன். செய்தி ரொம்பச் சிதைந்து வந்தால் பெட்டி உளறக் கூடாது, வாயை மூடிக்கொள்ள வேண்டும். தப்பாகச் சொல்வதைவிடச் சும்மா இருப்பது மேல் இல்லையா? தொடக்க விழாவில் நானே மைக்கைப் பிடித்துச் சொன்னேன். "பெட்டி பேசினா கேளுங்க. பெட்டி சும்மா இருந்தா யானை இல்லைன்னு அர்த்தம். நிம்மதியாத் தூங்குங்க." நல்ல கைதட்டல். அந்த வாசகத்தைப் பெட்டியின் முதுகிலேயே அச்சடித்தும் ஒட்டியாகிவிட்டது. இதோ பாருங்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. இந்த மல்லப்பா வந்து சேருகிற வரைக்கும்.

மல்லப்பா என்றால் காட்டை ஒட்டி மூன்று ஏக்கர் நேந்திரன் வாழை போட்டிருக்கிறவர். கடைசித் தோட்டம் அவருடையதுதான், அதற்கப்புறம் உண்ணிச்செடி, அப்புறம் காடு. சுற்றிலும் சோலார் வேலி. கம்பியைத் தொட்டால் சுரீர் என்று அடிக்குமே, அந்த வேலி. அவர் ஊர்ப் பெட்டி அவர் வீட்டில்தான் இருந்தது. ஒரு நாள் நேராக நான் தாளவாடியில் தங்கியிருந்த லாட்ஜுக்கு வந்து நின்றார். பெட்டி நடுநடுவே செய்தியை விட்டுவிடுகிறது என்றார். என் பெட்டி விடவில்லையே என்றேன். உங்கள் அறைக்கு யானை வராதே என்றார். மலைக்காரர்களுக்கு மரியாதை தெரியும், ஆனால் பேச்சில் ஒரு குத்து இருக்கும்.

சரி, போய்ப் பார்ப்போம் என்று போனேன். கூட செண்பகவல்லி வந்தாள். என் டீமில் இருக்கிற பெண், கோவில்பட்டிக்காரி. அதோ, டிரைவருக்குப் பின்னால் மடியில் வாழைச்சீப்பு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாளே, அவள்தான். கெட்டிக்காரி. ஆனால் எதையும் இருக்கிறபடி விட மாட்டாள்.

மல்லப்பாவின் வீட்டுக்காரி கௌரம்மா, தினசரிக் காலண்டர் தாள்களின் முதுகில் ஒரு வாரத்துக்கு எழுதி வைத்திருந்தார். எந்த நேரத்தில் எந்தச் செய்தி வரவில்லை என்று. அதை என்னிடம் நீட்டினார்.

"அஞ்சரைக்கு விலை சொல்லலை. ஆறுக்கு மழை சொல்லலை. ஆறரைக்கு பஸ் சொல்லலை. ஏழுக்கு ஆனை சொல்லலை. வரிசையா முழுங்குது சார்."

நான் பொறுமையாகச் சொன்னேன், அம்மா, மின்னல் வரிசை பார்த்து அடிக்காது, நீங்கள் வேறு வேலையாக இருந்தபோது பெட்டி சொல்லியிருக்கும் என்று. அந்த அம்மாள் உள்ளே போய் மோர் கொண்டுவந்தார். செண்பகவல்லிக்கு முதலில் கொடுத்தார்.

இந்தப் பெண் மோரைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தாளா? மச்சில் இருந்த பழைய டிரான்சிஸ்டரைக் காட்டி அது எதற்கு என்று கேட்டாள். மல்லப்பா அதைத் திருகினார். பாட்டோடு பாட்டாக டிக், டிக், டிக் என்று ஒரு சத்தம். வேலி அடிக்கிற சத்தமாம் அது. வேலிக் கம்பியில் உண்ணிச்செடி உரசுகிற இடத்தில் பொறி பறக்கிறது, அது ரேடியோவில் கேட்கிறது. சாயங்காலம் வேலியைப் போட்டதும் டிரான்சிஸ்டரைத் திருகி டிக் சத்தம் வருகிறதா என்று பார்ப்பாராம். வந்தால் வேலி உசிரோடு இருக்கிறது. வராவிட்டால் எங்கேயோ கம்பி அறுந்திருக்கிறது. அந்தப் பக்கத்தில் எல்லாரும் இப்படித்தானாம். செண்பகவல்லி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு அந்த டிக் டிக்கைக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கொட்டாவி வந்தது.

திரும்புகிற வழியில்தான் ஆரம்பித்தாள்.

"சார், உங்க பஸ் நொடிக்கு ஒண்ணு கிளம்புது. அந்த வேலியும் நொடிக்கு ஒருக்கா அடிக்குது. அப்போ ஒவ்வொரு பஸ்லயும் ஒரே சீட்டுலதான சார் போய் அடிக்கும்?"

"அடிச்சா?"

"எல்லா பஸ்லயும் பன்னெண்டாம் சீட்டு போச்சுன்னா, யானை வீடு மொத்தமும் போச்சு சார். ஒருத்தர்கூட மிச்சம் இல்ல. அவுங்க நொடிக்கும் நம்ம நொடிக்கும் ஒரு மயிரிழை வித்தியாசம் இருக்கு. அதான் அரை மணிக்கு ஒரு சீட்டா நகர்ந்து போகுது. அந்தம்மா எழுதி வச்சிருக்கது அச்சு அசலா அதுதான்."

நான் கேட்டேன், கல்யாணத்துக்குப் போகிற நாற்பது பஸ்ஸிலும் எவனாவது தேடிப்பிடித்துப் பன்னிரண்டாம் சீட்டை மட்டும் உடைப்பானா என்று.

"வேலி உடைக்குதே சார்," என்றாள்.

இப்படித்தான் பேசுவாள். நீங்களே சொல்லுங்கள், கொத்தாக வருகிற அடியைச் சிதறடிக்கத்தான் நான் அதைச் செய்தேன். தனித்தனியாக, நொடிக்கு ஒன்றாக, அளந்து வைத்து அடிக்கிற அடி அதன் பொறுப்பே இல்லை. அது வேலியின் தப்பு. அதற்கு அவள் ஒரு வைத்தியம் சொன்னாள். பஸ்ஸுக்குப் பஸ் ஒரு சீட் தள்ளி உட்கார வைத்துவிடலாமாம். முதல் பஸ்ஸில் பன்னிரண்டு, அடுத்ததில் பதின்மூன்று, அதற்கடுத்ததில் பதினான்கு. அப்படிச் செய்தால் வேலி எந்தச் சீட்டை அடித்தாலும் வீட்டுக்கு ஒருத்தர் இரண்டு பேர்தான் போவார்களாம். ஒரே ஒரு வரி மாற்றினால் போதுமாம்.

அந்த ஒரு வரியைப் படம் போட்டுப் பார்த்தேன். கண்ணால் காணச் சகிக்கவில்லை. என் கட்டமெல்லாம் சாய்ந்து, மழையில் சாயம் ஓடின சேலை மாதிரி இருந்தது.

அதோடு நாளும் இல்லை. வியாழக்கிழமை இரண்டு அதிகாரிகள் வருகிறார்கள். பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டால் என் டிசைன் மலை முழுக்க, அப்புறம் மாவட்டம் முழுக்க. போடாவிட்டால் பெட்டிகளைக் கட்டி எடுத்துக்கொண்டு பெங்களூருக்குப் போக வேண்டியதுதான், பத்தொன்பது வருஷமும் அதோடு சரி. கட்டம் போட்ட படம் அழைப்பிதழ் அட்டையிலேயே அச்சாகிவிட்டது. இனி எப்படி மாற்றுவது? அட்டையில் ஒன்று, பெட்டிக்குள் ஒன்றா? முடியாது என்றேன். டிசைன் முடிவாகிவிட்டது, இனி யாரும் கை வைக்கக் கூடாது என்றேன். அவள் சரி சார் என்றாள். சரி சார் என்று அவள் சொன்னால் பெரும்பாலும் சரியில்லை என்று அர்த்தம், ஆனால் நான் அதையெல்லாம் பெரிதுபடுத்துவதில்லை.

அதிகாரிகள் எங்கே பார்க்க வேண்டும் என்கிறார்கள்? புகார் வந்த வீட்டிலேயே. மல்லப்பா வாசலில், சாயங்காலம் ஐந்தரைக்கு.

ஒரு வழிதான் இருந்தது. புதன்கிழமை போய் மல்லப்பாவிடம் பக்குவமாகப் பேசினேன். நாளைக்கு ஒரு அரை மணி நேரம் வேலியை அணைத்து வைக்க வேண்டும் என்று. அவர் வாழைத் தார்களைப் பார்த்தார். பத்து நாளில் வெட்டு. தார் ஒவ்வொன்றும் ஒரு பிள்ளை கனம் இருந்தது, நான் பொய் சொல்லவில்லை.

"வேலிய அணைச்சா ஆனை வரும் சார்."

"ஆனை வந்தா பெட்டி சொல்லும், மல்லப்பா."

"சொன்னா நான் என்ன செய்யணும் சார்?"

"உடனே வேலியைப் போட்டுக்க வேண்டியதுதான்."

"போட்டா பெட்டி நின்னுடுமே."

பாருங்கள், எப்படிச் சுற்றி வளைக்கிறார். விவசாயிகளிடம் இதுதான் சிரமம். அரை மணி நேரம்தானே, ஊருக்கே நல்லது நடக்கப் போகிறது, உங்கள் வீட்டு வாசலில் நடக்கப் போகிறது என்றெல்லாம் எடுத்துச் சொன்னேன். கௌரம்மா கதவோரம் நின்று வேண்டாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மல்லப்பா கடைசியில் சம்மதித்தார். பெரிய மனுஷர் ஒருவர் வீடு தேடி வந்து கேட்கும்போது எப்படி மறுப்பது என்றார். பெரிய மனுஷர் என்று என்னைத்தான் சொன்னார். அது உண்மையில் எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை. வாசல் தெளித்து, பெஞ்சில் ஜமுக்காளம் விரித்து, நடுவில் பெட்டி. மல்லப்பா வேலியை அணைத்துவிட்டு வந்து தூணில் சாய்ந்து நின்றார். ஐந்தரைக்கு நான் பேச ஆரம்பித்தேன். கல்யாண பஸ் கதையையே அதிகாரிகளுக்கும் சொன்னேன், ரொம்ப ரசித்தார்கள். விலை வந்தது. மழை வந்தது. பஸ் நேரம் வந்தது. கண்ணாடி மாதிரி, ஒரு எழுத்து பிசகவில்லை. கடைசியில் ஒரு யானைச் செய்தி, சோதனைக்காக. செண்பகவல்லி நிலையத்துக்குப் போன் பண்ணினால் அவர்கள் அனுப்புவார்கள், அப்படி ஏற்பாடு.

நான் பேச்சை முடித்து அவள் பக்கம் திரும்பித் தலையாட்டினேன். அவள் போனை எடுப்பதற்குள் பெட்டி பேசிவிட்டது.

"மல்லப்பா தோட்டம். கிணற்றுப் பக்கம். மூன்று யானை."

அதிகாரிகள் கை தட்டினார்கள். அதில் மூத்தவர், ஆளின் பெயரைக்கூட விடாமல் சொல்கிறதே, பேஷ், என்றார். நான் கைகூப்பினேன். பத்தொன்பது வருஷத்தில் முதல் கைதட்டல் சார் அது. தொடக்க விழாவில் தட்டினார்களே என்பீர்கள், அது மைக்குக்குத் தட்டினது. இது இன்டர்லீவருக்கு.

செண்பகவல்லிதான் என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "சார், நான் இன்னும் போனே பண்ணல சார்."

அப்போதுதான் பார்க்கிறேன், தூணில் மல்லப்பா இல்லை. கொல்லைப் பக்கம் ஓடிக்கொண்டிருக்கிறார். வாழைமட்டை கிழிகிற சத்தம் எங்களுக்கே கேட்டது. மடார் மடார் என்று, ஈரத் துணியைக் கிழிப்பது போல. அவர் நேராகப் போய் வேலி சுவிட்சைப் போட்டுவிட்டார். நான் சொன்னதைத்தான் செய்தார், அதில் தப்பில்லை. ஆனால் கௌரம்மா பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடினார். "உள்ள வந்ததுக்கப்புறம் போட்டா அது எப்படி வெளிய போகும்?" என்று. சுற்றிலும் மின்சாரம், நடுவில் மூன்று யானை, மூன்று ஏக்கர் வாழை. நியாயமான கேள்விதான். மறுபடி அணைத்தார்கள். அதிகாரிகள் அதற்குள் ஜீப்பில் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டார்கள்.

இதில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. வேலியைப் போட்ட அந்த நாலைந்து நிமிஷத்தில் நிலையம் இன்னொரு செய்தி அனுப்பியிருக்கிறது. நாலாவது யானையும் வருகிறது என்று. அது பெட்டியில் வரவில்லை. அறிக்கையில் அதை எழுத வேண்டியதாகிவிட்டது. 'பயனாளர் இடையில் வேலியை இயக்கியதால் ஒரு செய்தி பெறப்படவில்லை' என்று. மற்றபடி நூற்றுக்கு நூறு. அதிகாரிகள் ஜீப்புக்குள் உட்கார்ந்தபடியே, கண்ணாடியை ஒரு விரல்கடை இறக்கி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்கள்.

யானைகள் ஏழு மணிக்குக் கிளம்பின. அவசரமே இல்லை அவற்றுக்கு. பாதித் தோட்டம் இல்லை.

நீங்கள் ஒன்று கவனிக்க வேண்டும். பெட்டி யானை வருகிறது என்றது. யானை வந்தது. வேறு எந்தச் சோதனையில் இவ்வளவு துல்லியம் பார்த்திருக்கிறீர்கள்? இதை மல்லப்பாவிடமும் சொன்னேன். அவர் சாய்ந்து கிடந்த தார்களுக்கு நடுவில் உட்கார்ந்து, ஆமாம் சார், சரியாத்தான் சொல்லிச்சு, என்றார். ஒப்புக்கொண்டார். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை செண்பகவல்லி வந்து, மல்லப்பா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வரட்டுமா என்றாள். நான் போகவில்லை. மன்னிப்புக் கேட்டால் தப்பு நம்முடையது என்று ஆகிவிடும், அலுவலக விஷயங்களில் அது கூடாது. நீ வேண்டுமானால் உன் பெயரில் கேட்டுக்கொள் என்றேன். லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு போனாள். மன்னிப்புக் கேட்க லேப்டாப் எதற்கு என்று கேட்க நினைத்தேன், மறந்துவிட்டேன். சாயங்காலம்தான் வந்தாள். அப்புறம் மற்ற ஊர்க்காரர்களிடமும் ஒரு வார்த்தை கருத்துக் கேட்டுவிட்டு வருகிறேன் என்றாள். சனிக்கிழமை முழுக்க, ஞாயிற்றுக்கிழமை முழுக்க, பதினேழு வீடு. பதினேழு வீட்டிலும் மோர் குடித்திருப்பாள். இந்த டிரைவரோடுகூட பஸ் ஸ்டாண்டில் டீ குடித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன், அவர் பெட்டியில் வயரைச் சொருகிக்கொண்டு. ஞாயிறு சாயங்காலம் நிலையத்தில் சார்ஜரை மறந்து வைத்துவிட்டேன் என்று போனவள், ஒரு மணி நேரம் கழித்து வந்தாள். சார்ஜரைத் தேடினாளோ என்னமோ.

இனிமேல்தான் அதிசயம். திங்கட்கிழமையிலிருந்து ஒரு புகாரும் இல்லை. மல்லப்பா வீட்டில் வேலி போட்டபடியே இருக்கிறது, டிரான்சிஸ்டரில் டிக் டிக் கேட்கிறது, பெட்டியும் விடாமல் பேசுகிறது. விலை, மழை, பஸ், யானை, ஒன்றுகூடத் தப்பவில்லையாம். கௌரம்மா காலண்டர் தாளில் ஒன்றுமே எழுதவில்லையாம். மூத்த அதிகாரி போன் பண்ணி என்னைப் பாராட்டினார். எப்படிச் சரி செய்தீர்கள் என்று கேட்டார். நான் ஒன்றும் செய்யவில்லை சார், தானாகச் சரியாகிவிட்டது என்று உண்மையைச் சொன்னேன். நல்ல டிசைன் ஊறுகாய் மாதிரி. போட்ட அன்றைக்கே நாக்கில் வைத்துப் பார்த்துக் குறை சொல்லக் கூடாது. ஊற வேண்டும்.

செண்பகவல்லி பக்கத்தில்தான் நின்றிருந்தாள். நான் போனை வைத்ததும், "சார், உங்க பெட்டியக் கொஞ்சம் குடுங்க, ரெண்டு நிமிஷம்," என்றாள்.

எதற்கு என்றேன்.

"நிலையத்துலயும் பத்தொன்பது பெட்டியிலயும் மாத்தியாச்சு சார். உங்களுது மட்டும்தான் பாக்கி."

என்னத்தை மாற்றினாளோ. நான் கேட்டுக்கொள்ளவில்லை. இது முதல் பெட்டி, நானே உட்கார்ந்து செய்தது, இதை யாரும் தொடக் கூடாது என்றேன். நேற்றும் கேட்டாள். இன்றைக்குப் பஸ் ஸ்டாண்டிலும் கேட்டாள், சார் ப்ளீஸ் என்று. ஒரு பொருள் ஒழுங்காக இருந்தால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குக் கை அரிக்கிறது.

சரி, என் மனக்குறைக்கு வருகிறேன். இவ்வளவு நேரம் சொன்னது அதற்குத்தான். இன்றைக்குக் காலையில் மல்லப்பாவும் கௌரம்மாவும் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார்கள். மிச்சமிருந்த தோட்டத்தில் முதல் தார் வெட்டியிருக்கிறார்கள், அதில் ஒரு சீப்பு. கொண்டு வந்து யார் கையில் கொடுத்தார்கள் தெரியுமா? இந்தப் பெண் கையில். என் கண் எதிரில். கௌரம்மா அவள் கன்னத்தைத் தடவி, உன் புண்ணியம் தாயி, நேத்து ராத்திரி ஆறு ஆனை, வேலியத் தாண்டி ஒரு கால் வைக்கலை, என்கிறார். அவள் என்ன செய்தாள், மோர் குடித்தாள். பத்தொன்பது வருஷம் யாருடையது? எனக்கு ஒரு கும்பிடு. பழம்கூட வேண்டாம், நான் பழத்துக்கு ஆசைப்படுகிறவன் இல்லை. ஆனால் ஒரு வார்த்தை, சார் உங்கள் பெட்டியால்தான் என்று ஒரு வார்த்தை. வரவில்லை. மூன்று வளைவு இறங்குகிற வரைக்கும் நான் யாரோடும் பேசவில்லை. அப்புறம்தான் உங்கள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தேன்.

மடியில் இருக்கிற இது பேசுமா என்று பார்க்கிறீர்கள். அவசியம் வந்தால் பேசும். திங்கட்கிழமையிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. மூன்று நாளாக மலையில் ஒன்றுமே நடக்கவில்லை போல. விலைகூடச் சொல்லவில்லை, சந்தை மந்தமாக இருக்கும். மழைச் செய்தியும் இல்லை, நேற்று நல்ல மழை பெய்ததே என்பீர்கள், பெய்துகொண்டிருக்கும்போது எதற்குச் சொல்ல வேண்டும். கௌரம்மா சொன்ன ஆறு யானையையும் சொல்லவில்லைதான். கணக்கில் வராத யானையாக இருக்கும், இல்லையென்றால் அந்த அம்மாள் எருமையைப் பார்த்திருப்பார். அது போகட்டும்.

இருங்கள், முன்னால் ஏதோ சத்தம். டிரைவர் பெட்டி அது. என்ன சொல்கிறது?

"திம்பம் சாலை. ஒன்பதாவது வளைவு. கரும்பு லாரி பக்கம் இரண்டு யானை, ஒரு குட்டி. மேல் பக்கமாக ஏறி வருகின்றன. யாரும் வண்டியை விட்டு இறங்க வேண்டாம்."

நாம் எந்த வளைவில் நிற்கிறோம்? பத்தா? இருக்கட்டுமே. ஏன் எல்லாரும் இப்படி அடித்துப் பிடித்து ஜன்னலைச் சாத்துகிறார்கள்? அதோ செண்பகவல்லி எழுந்து நின்று என்னைப் பார்த்துக் கையை ஆட்டுகிறாள் பாருங்கள். எதையாவது சொல்லிக்கொண்டேதான் இருப்பாள். நீங்கள் பதறாதீர்கள். அது வயர் சொருகின பெட்டி, அதற்குள் என்ன போட்டு வைத்திருக்கிறாளோ. ஒரிஜினல் என்னிடம் இருக்கிறது. இந்தாருங்கள், காதைக் கொடுத்துக் கேளுங்கள். நன்றாக வைத்துக் கேளுங்கள். கேட்கிறதா? ஒரு சத்தமும் இல்லை அல்லவா? முதுகில் என்ன ஒட்டியிருக்கிறது, நீங்களே படித்துக்கொள்ளுங்கள்.

ரொம்ப நேரமாக அடக்கிக்கொண்டிருக்கிறீர்கள், பாவம். இறங்கி நிதானமாகப் போய்விட்டு வாருங்கள். கதவுப் பக்கம் அந்தப் பெண் மறித்தால், பூவராகன் சார் போகச் சொன்னார் என்று சொல்லுங்கள்.